நளீமின் லொகின்

என் கணவர் நளீம் மவுத்தாகிப் பதினேழாம் நாள் காலை, அவர் முந்தாநாளும் மில்லின் கொம்பியூட்டருக்குள் போய் வந்திருக்கிறார் என்று றிஸ்வான் வந்து சொன்னான்.

நான் இத்தாவில் இருந்தேன். கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் அன்னிய ஆண்களுக்கு முகம் காட்டக்கூடாது. ஆகவே றிஸ்வான் ஹோலில் கதிரையில், நான் அறைக்குள் கட்டிலில், நடுவில் ஒரு வெள்ளைத் திரை. திரையை ஒட்டியபடி என் மதினி பஸ்லியா, நளீமின் ராத்தா, மூத்த சகோதரி. றிஸ்வான் கதைப்பது எனக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் மதினி ஒவ்வொன்றையும் திரும்ப எனக்குச் சொல்லுவார். நானும் அப்போதுதான் கேட்டதுபோலத் தலையாட்டுவேன். பதினேழு நாளாக வந்தவர் போனவர் எல்லாரோடும் இப்படித்தான் நடந்தது.

"ராத்தா, குறை நினைக்கப்படா," என்று றிஸ்வான் தொடங்கினான். அவன் நெல் மில் முதலாளி காலிதீன் ஹாஜியாரின் மகன். அவனுக்கு நான் ராத்தா, நளீம் நானா, அதாவது அண்ணன். கட்டாரிலிருந்து வந்து மூன்று மாதம், இப்போது அவன்தான் எல்லாம் பார்க்கிறான். "கொழும்பிலரிந்து ஒராளக் கூப்பிட்டுச் சேர்வரப் பாக்கக் குடுத்த நான். யாரு எப்ப உள்ளுக்க பூந்த எண்டு அதுல ஒரு பதிவு இரிக்காம். நளீம் நானா மவுத்தான மூணாம் நாளிலரிந்து அவர்ட பேர்ல யாரோ பூந்திரிக்காங்க. ஒவ்வொரு நாளும் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் புறகு. பெரிய அட்மின் லொகின் அது. அதால பூந்தா மில்லையே பூட்டிப் போடலாமாம்."

"யா அல்லாஹ்!" மதினி நெஞ்சில் கை வைத்தார். "என்ட தம்பிட ரூஹா வருது?"

மவுத்தானவரின் ஆவிக்கு என்னத்துக்குப் பாஸ்வேர்ட் என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"ரூஹு இல்ல மாமி, சுஜிந்தன்," என்றான் றிஸ்வான். "நளீம் நானாக்குப் புறகு அந்தக் கொம்பியூட்டருகளத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். மூணு நாளா அவன மில்லுக்கு வரவேணாமெண்டு நிப்பாட்டியிருக்கன். கேட்டா வாயே திறக்கிறானில்ல. ஓமெண்டும் இல்ல, இல்லையெண்டும் இல்ல. இண்டைக்கிப் பொலிசில எழுதிக் குடுக்கப் போறம். அதுக்கு முந்தி ராத்தாகிட்ட ஒரே ஒரு கேள்வி. நளீம் நானா அவனுக்குப் பாஸ்வேர்ட் குடுத்திரிந்தாரா?"

மதினி திரும்பினார். "நளீம் அவனுக்குப் பாஸ்வேர்டு குடுத்தானாகா?"

குடுத்திருந்தார். அது உண்மை. நான் ஓம் என்று சொன்னால் உண்மையைத்தான் சொன்னவளாவேன். சுஜிந்தனுக்கு முப்பத்தைந்து வயது, பாண்டிருப்பு ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அந்த ஓமோடு அவன் கதை முடிந்துவிடும். இல்லை என்று சொன்னால் வேறு யார் என்று கேட்பார்கள்.

அந்த யாரோ நான்தான்.

மில்லின் சேர்வர் நிந்தவூரில் இருக்கிறது. இறக்காமத்து ஸ்டோரும் சாகாமத்து ஸ்டோரும் அதோடு இணைந்தவை. அங்கே லொறியைத் தராசில் நிறுத்து நெல்லை இறக்கினால் கணக்கு இங்கே வந்து விழவேண்டும். பதினொரு வருடமாக அதைக் கட்டிக் காத்தவருக்குக் 'கொம்பியூட்டர் நளீம்' என்றுதான் அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரைக்கும் பேர். ஜனாஸா அடக்கிய அன்று வீட்டில்கூட, என்ன மூளை, என்ன மூளை என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே இருந்து கேட்டேன். அவர் நல்ல மனிதர், கையும் காலும் சுறுக்கானவர், யாரோடும் கோபித்துக் கதைக்கத் தெரியாதவர். மழையில் கம்பத்தில் ஏறுவார். எலி கடித்த வயரை மாற்றுவார். யானைக்குப் பயந்து ஆட்கள் பொழுது படமுன் வீட்டுக்குள் ஒதுங்கும் நேரத்தில் இறக்காமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியே வருவார். ஆனால் சேர்வர் அவருக்கு விளங்காது. அது என் வேலை.

கொம்பியூட்டர் டிப்ளோமா படித்தவள் நான். அவர் நேர்முகப் பரீட்சைக்குப் போன முதல் நாள், என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. பிறகு அது அப்படியே போனது. அவர் ஸ்டோரில் நின்று போன் எடுப்பார், நான் இந்த அறையில் இருந்து அவர் பேரில் உள்ளே போய் வேலையை முடிப்பேன். வெளியே சொல்லவேண்டாம் என்று அவர் கேட்கவும் இல்லை, சொல்லப்போகிறேன் என்று நான் சொல்லவும் இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு காரியம் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

பிழையும் என்னுடையதுதான். ஒரு சேர்வருக்குள் மூன்று ஆட்கள் போவதானால் ஆளுக்கொரு லொகின் பேர் போட்டுக் கொடுக்கவேண்டும். யார் வந்தார், யார் போனார் என்று அப்போதுதான் தெரியும். அது எனக்குத் தெரியாததா? நான்கு வருடத்துக்கு முன் சுஜிந்தன் சேர்ந்தபோது அவரிடம் சொன்னேன். "நான் இரிக்கக்குள்ள வேற பேரு என்னத்துக்கு? என்ட பேர்லயே எல்லாரும் போங்க," என்று அவர் சிரித்தார். வீட்டைப் பூட்டித் திறப்பை அடுத்த வீட்டில் கொடுத்து வைக்கிற ஊர் இது. நானும் விட்டுவிட்டேன்.

மவுத்தான அன்று மதினி வந்து அறையிலிருந்த கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடினார். டீவியை மூடினார். பிறகு கொம்பியூட்டரையும் மூடினார், அதற்குள்ளும் ஆம்பிளை முகம் வருமாம். மூடினாரே தவிர நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் அவருக்காகக் கத்தம் ஓதிச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வெளியே சஹன் தட்டுகள் வைக்கிற சத்தம், யாரோ தயிர் கேட்கிற சத்தம். அறைக்குள் அந்தத் துணிக்குக் கீழே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அஸர் தாண்டியிருந்தது. இறக்காமத்து லைன் அந்த நேரத்தில்தான் தினமும் நிற்கும், யாராவது உள்ளே போய் எழுப்பிவிடவேண்டும். பெரும்போக நெல் வெட்டு நேரம், ஈர நெல்லோடு லொறிகள் நிற்கும். துணியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு சேர்வருக்குள் போனேன். பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

கவலையில் போனேன் என்று சொன்னால் பொய். கடமை என்று சொன்னாலும் பொய். எனக்குள் ஒன்றும் இருக்கவில்லை. அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதால் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கை மட்டும் பழக்கத்தில் போனது. அடுத்த நாளும் போனது.

"என்னகா, ஊமையா இரிக்காய்?" என்றார் மதினி. "பொடியன் கேக்கான். ஓமா, இல்லையா?"

"குடுத்தாரு," என்றேன். மதினி திரைப்பக்கம் திரும்பமுன் மிச்சத்தையும் நானே உரத்துச் சொன்னேன். "குடுத்தாருதான். ஆனா பூந்த அவன் இல்ல. நான்."

ஹோலில் கதிரை கிறீச்சிட்டது. மதினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு திரைக்கு வெளியே தலையை நீட்டி, "தம்பி, அவக்கு நித்திரையில்ல, சாப்பாடில்ல. கவலையில என்னமோ கதைக்கா. நீங்க போய்ப் புறகு வாங்க," என்றார்.

"ஓம் மாமி, பாவம்," என்றான் அவன்.

அந்தப் பாவத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. பதினேழு நாளில் வந்த முதல் கோபம். "றிஸ்வான்! அந்தப் பதிவு கையில இரிக்கா? இரிந்தா எடுத்துப் பாருங்க. முந்தாநாள் நாலே முக்காலுக்கு இறக்காமத்து லைன எழுப்பின. அதுக்கு முதல் நாள் சாகாமத்துத் தராசுட கொம்பியூட்டர்ல திகதி ஒரு நாள் பிந்தியிருந்த, அதத் திருத்தின. வெள்ளிக்கிழம ரெண்டு தரம் பூந்த, முதல் தரம் இஞ்ச கரண்ட் போயிட்டு. சரியா, பிழையா?"

கடதாசி புரள்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் புரண்டது.

"சரி," என்றான்.

"பதினொரு வருசமாச் செஞ்ச ஆளு நான்தான். அவர் வயரப் பாத்தாரு, நான் உள்ளுக்க பாத்தன். ஒங்கட வாப்பாகிட்டச் சொல்லுங்க. சுஜிந்தனக் கூப்பிட்டு மில்லுக்க விடுங்க."

மதினி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். குரலைத் தாழ்த்தினார். "வாயப் பொத்துகா! இத்தாவில இரிந்துகிட்டு கொம்பியூட்டர் தட்டினயா? அது போகட்டும், அல்லாஹ்வுக்கும் உனக்கும். என்ட தம்பிட பேர ஏன்கா கெடுக்காய்? அவன்ட மையத்தோட போன ஒரே சொத்து அதுதானே. ஊரு என்ன சொல்லும்? பொண்டாட்டிட மூளையில திண்டவன் எண்டுதானே சொல்லும்?"

அவர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. அதைத்தான் நானும் பதினொரு வருடம் காத்தேன். "சொல்லும் மதினி," என்றேன். "பாண்டிருப்பில ரெண்டு புள்ளைகள்ட தகப்பன் பொலிசில நிப்பான். அதுக்கு என்ன செய்யிற?"

மதினி என் கையை விட்டார்.

றிஸ்வான் போனில் அவன் வாப்பா ஹாஜியாரோடு முற்றத்தில் நின்று கதைத்தான். திரும்பி வந்து, நேராகத் திரைக்கே பேசினான். இனி நளீம் நானாவின் லொகின் இருக்கக்கூடாது, இன்றைக்கே அழிக்கவேண்டும் என்று கொழும்பு ஆள் சொல்கிறானாம். சுஜிந்தனுக்கு அவன் பேரில் ஒன்று போடவேண்டுமாம். அதை ராத்தா செய்து காட்டினால் வாப்பாவுக்கும் நம்பிக்கை வருமாம். சுஜிந்தனை மில்லுக்கு வரச் சொல்லியாயிற்று.

"செய்யிறன்," என்றேன். கொம்பியூட்டரை மூடியிருந்த துணியை முழுதாக எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தேன். மதினி தடுக்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் சுஜிந்தன் மில்லிலிருந்து போன் எடுத்தான். மதினி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, சேர்வருக்கு முன்னால இருக்கிறன்," என்றான்.

"தம்பி, மூணு நாளா ஏன் வாயத் திறக்கல்ல? நான் இல்லயெண்டு சொல்றத்துக்கு என்ன?"

"நான் இல்லையெண்டா, புறகு ஆரெண்டு கேப்பாங்க அக்கா."

எனக்கு விளங்கவில்லை. "கேட்டா?"

"எனக்குத் தெரியும் அக்கா நீங்கதான் எண்டு. நான் வந்த முதல் நாளே நளீம் நானா சொன்னவர். 'இந்தா பாரு, இது என்ட வேல இல்ல, என்ட ஊட்டாள்ட வேல. நீயோ நானோ இதத் தொட்டு ஒடைச்சிரக் கூடா. ஆனா நான் சொன்னனெண்டு அவக்கிட்டச் சொல்லிராத, ஏசுவா' எண்டு. ஒவ்வொரு தரமும் லைன் வந்த உடன, 'பாத்தியா என்ட ஆள' எண்டுவார். இத்தாவில இருக்கிற ஆள நான் எப்படி அக்கா காட்டிக் குடுக்கிற?"

மதினி வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பதினொரு வருடம் இந்த மனிதனுக்காக நான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க, இவர் போன இடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஏசலாம் என்று பார்த்தால் ஆளில்லை. "சரி, வேலையப் பாப்பம்," என்றேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. நளீம் என்ற பேரில் உள்ளே போனேன். சுஜிந்தன் பேரில் புது ஆளொன்று உண்டாக்கி, அட்மின் கூட்டத்தில் சேர்த்தேன். இனிமேல் பாஸ்வேர்ட் சொல்லிக் கொடுத்து யாரும் யாருடைய பேரிலும் போகக்கூடாது. ஆகவே அவனுடைய கொம்பியூட்டரிலேயே அவனுக்கென்று ஒரு டிஜிட்டல் திறப்பை உண்டாக்கச் சொன்னேன். அதன் ஒரு பாதி அவனிடமே இருக்கும். மற்றப் பாதியை வட்ஸ்அப்பில் அனுப்பினான், தலைகால் தெரியாத நீள எழுத்து ஒரு வரி. அதைச் சேர்வரில் அவன் பேருக்குக் கீழே ஒட்டினேன். பாஸ்வேர்ட்டால் போகிற வழியை அடைத்தேன்.

"இப்ப போய்ப் பாருங்க தம்பி. நான் கொம்பியூட்டர்ல அவர்ட பேர்ல திறந்த ஜன்னல மூடல்ல." புதிய ஆள் உள்ளே போனது நிச்சயமாகும் வரைக்கும் பழைய ஆள் வெளியே வரக்கூடாது. ஏதாவது பிழைத்தால் இருவருமே வெளியில் நிற்கவேண்டி வரும்.

"போயிட்டன் அக்கா. அட்மின் வேலையும் செய்யுது." பிறகு தயங்கினான். "அக்கா, உங்கட பேரிலயும் ஒண்டு போடுங்க. கையோட."

ஹோலில் றிஸ்வான் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "அத வாப்பாகிட்டக் கேக்கணும்," என்றான். "இத்தா முடியட்டும் ராத்தா. புறகு பாப்பம்."

புறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்கலாம், கதைத்திருக்கலாம். காலையில் வந்த கோபம் எங்கேயோ போயிருந்தது, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. "சரி," என்றேன். "தம்பி, நளீம அழிங்க. நீங்கதான் செய்யணும், ஒங்கட பேர்ல அது முதல் வேல."

கீபோர்ட் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது.

"அக்கா, அழியுதில்ல."

"என்ன சொல்லுது? எழுதியிருக்கிறத வாசிங்க."

அவன் வாசிக்கவில்லை. திரும்ப ஒருதரம் அடித்துப் பார்த்தான்.

"தம்பி?"

"நளீம் இப்ப உள்ளுக்க இருக்கிறாராம், அக்கா. ஆள் உள்ளுக்க இருக்கக்குள்ள அழிக்க ஏலாதாம்."

அது என்னுடைய ஜன்னல். மூடாமல் விட்டிருந்தது நான். சேர்வர் சரியாகத்தான் சொல்கிறது, எந்தச் சேர்வரும் அதைத்தான் சொல்லும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். மதினிக்குத் தெரியாது. அவர் கட்டிலின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்கதான் வெளிய வரணும்," என்றான் சுஜிந்தன்.

"தெரியும்."

"அவசரமில்ல அக்கா. லுஹர் தொழுகைக்குப் புறகும் செய்யலாம். நான் இஞ்சதான் இருப்பன்."

'எக்ஸிட்', இங்கிலீஷில் நான்கு எழுத்துத்தான். தினமும் வேலை முடிந்ததும் யோசிக்காமல் அடிக்கிற நான்கு எழுத்து. அடித்தால் திரும்பப் போக எனக்கு வழியில்லை. அவருக்கும் இல்லை. கொம்பியூட்டர் திரையில் கடைசி வரி அவருடைய பேரோடு தொடங்கியிருந்தது. பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு வந்து வந்து மறைந்தது. ஏதாவது எழுதுவார்கள் என்று அது காத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்தது.

அடித்தேன்.

"வந்திட்டன்," என்றேன் போனுக்கு.

கீபோர்ட் சத்தம் ஒருமுறை கேட்டது. அவ்வளவுதான்.

"இப்ப இல்ல, அக்கா," என்றான்.

மவுத்தாயிட்டார் என்றார்கள். அல்லாஹ் எடுத்துக்கொண்டான் என்றார்கள். நல்ல மனிதர் போயிட்டார் என்றார்கள். ஊரே வந்து ஆளுக்கொரு விதமாகச் சொன்னது, ஒவ்வொருவருக்கும் நான் ஓம், ஓம் என்றுதான் சொல்லி அனுப்பினேன். இப்ப இல்லை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா? கேக்குதா?"

மதினி என் தோளைத் தொட்டார். "அவன் லைன்ல நிக்கான்கா. ஓமெண்டு சொல்லு."

வாயைத் திறந்தேன். ஓம் வரவில்லை.